பார்த்ததை மட்டும் எழுதியவர்

ஆலையில் எல்லோரும் அவரை நேவிக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் மேனேஜர் ஒருவர்தான், அதுவும் கோபம் வந்தால். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிற சாலையில் இருந்த ஒரு மாம்பழக்கூழ் ஆலை அது. அவர் பாய்லர் பொறுப்பாளர். நான் அவருக்குக் கீழே நெருப்புப் போடுகிறவன். வயதில் நான் ஏழு வருடம் மூத்தவன், ஆலைக்கும் முன்னால் வந்தவன். ஆனால் சர்டிபிகேட் அவரிடம் இருந்தது. கடற்படையில் பதினைந்து வருடம் கப்பல் பாய்லரைப் பார்த்துவிட்டு மொரப்பூர் பக்கத்துத் தன் ஊருக்குத் திரும்பியவர், சும்மா உட்கார முடியாமல் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

வந்த முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "லாக் புக்கு எங்கீங்க இருக்குது?" என்பதுதான்.

இருந்தது. பாய்லர் இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒரு தடவை சேலத்திலிருந்து வருவார். அதற்கு முந்தின நாள் நான் உட்கார்ந்து, ஒரே பேனாவில், சீசன் முழுவதற்கும் நிரப்பி வைப்பேன். எல்லா நாளும் நூறு பவுண்டு அழுத்தம், மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் எல்லா நாளும் அரைக் கண்ணாடித் தண்ணீர். மேனேஜர் சொல்லித்தான் செய்தேன், ஆனால் செய்தது என் கைதான். நேவிக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"கையெழுத்து நல்லா இருக்குதுங்க அண்ணா," என்றார். "ஆனா இந்த பாய்லரு வேற ஏதோ ஊர்ல இருக்குதுங்க."

சிரிக்காமல் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு புது நோட்டு வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, அரை மணிக்கு ஒரு வரி என்று எழுத ஆரம்பித்தார். இங்கிலீஷில் சின்னச் சின்ன எழுத்து. நாள் போகப் போக எனக்கும் அதை வாசிக்கப் பழகிவிட்டது. 'மணி 4.30. எண்பது பவுண்டு. குறைவு. காரணம், நான் பேசிக்கொண்டிருந்தேன்' என்று ஒரு நாள் எழுதியிருந்தார். மேனேஜர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதையெல்லாம் எதுக்குய்யா எழுதறே?"

"நடந்துச்சுங்களே சார்."

இன்னொரு நாள் லாரி லாரியாகப் பெங்களூரா மாங்காய் வந்து இறங்கிவிட, மேனேஜர் ஓடிவந்து அழுத்தத்தை வரம்புக்கு மேல் ஏற்றச் சொன்னார். நேவிக்காரர் முடியாது என்றார். மேனேஜர் தானே நின்று என்னை விறகு போடச் சொன்னார், நானும் போட்டேன். அரை மணி கழித்து நோட்டில் ஒரு வரி ஏறியது: 'மேனேஜர் உத்தரவு. என் சம்மதம் இல்லை.' மேனேஜர் அந்தத் தாளைக் கிழிக்கக் கை வைத்தார். பக்க எண்ணைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஆலையில் நேவிக்காரர் எழுதினால் அதற்கு அப்பீல் கிடையாது.

ஏன் இப்படி எழுதியே சாகிறீர்கள் என்று நானே ஒரு தடவை கேட்டேன். அதற்குப் பதிலாகத்தான் அவர் ஒரு கப்பலைப் பற்றி முதன்முதலில் சொன்னார்.

அவர் கடற்படையில் சேர்ந்த மறு வருடம் பங்களாதேஷ் சண்டை. அப்போது அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று வங்காள விரிகுடாவுக்கு வந்தது. இவர் கப்பலிலெல்லாம் எண்ணெய் எரித்து நீராவி எடுத்துக்கொண்டிருந்த காலம். அந்தக் கப்பலோ எண்ணெயே இல்லாமல் அணுவின் சூட்டில் ஓடுகிறது என்று பாய்லர் அறையில் பேசிக்கொண்டார்களாம். அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு பித்து. கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாங்கிப் படித்திருந்தார். அப்படி ஒரு கப்பலில் தான் கால் வைத்ததே கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அந்தக் கப்பல்ல நெருப்புப் போடறது யாருங்க சார்?" என்று கேட்டேன். என் தொழில் எனக்கு.

"யாருமில்லீங்க. போட முடியாது, கிட்டப் போயிப் பார்க்கவும் முடியாது. யுரேனியம்னு ஒரு உலோகங்க. அதைக் குச்சி குச்சியா ஒரு பெரிய இரும்புப் பானைக்குள்ள அடுக்கி வெச்சிருப்பாங்க. உள்ள அணு ஒண்ணு ஒடைஞ்சா அது பக்கத்து அணுவை ஒடைக்கும். அந்த ஒடையற சூடுதான் நம்ம விறகு."

"புகை?"

"புகையும் இல்லை, காத்தும் வேணாங்க. அதனாலதான் நீர்மூழ்கிக் கப்பலுக்கு அது தோதுங்க. மாசக்கணக்குல தண்ணிக்கு அடியிலயே கெடக்கலாம். பெரிய கப்பலுக்கு ஒருக்கா அடுக்கினா வருஷக்கணக்குல ஓடும். அரிசி பருப்பு தீந்தாத்தான் கரைக்கு வரணும்."

மாங்காய் வெட்டும் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் நிழலுக்கு வந்து உட்காருவார்கள். அதில் ஒரு அக்கா, "அப்ப அந்தாளுங்களுக்குப் பொண்டாட்டி புள்ள நெனப்பே வராதுங்களா?" என்று கேட்க, ஒரே சிரிப்பு. நேவிக்காரர் அதற்கும் யோசித்துத்தான் பதில் சொன்னார்: "அது எந்தப் புக்குலயும் எழுதலீங்க."

அந்தப் பானைக்குள் குச்சிகளைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குக் கொதிக்க முடியாத அளவு அழுத்தம் கொடுத்து வைத்திருப்பார்களாம். நெருப்பாகச் சுட்டாலும் தண்ணீராகவே இருக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே இன்னொரு தொட்டிக்குள் போகும். அங்கே இருக்கிற வேறு தண்ணீர் இந்தக் குழாயின் சூட்டில் ஆவியாகும். முதல் தண்ணீரும் இரண்டாம் தண்ணீரும் கலக்கவே கூடாது, முதல் தண்ணீரில் கதிர்வீச்சு இருக்கும். கைக்குழந்தைக்குப் பால் சூடு பண்ண வெந்நீர்க் கிண்ணத்தில் டம்ளரை வைக்கிறோமே அந்த மாதிரி என்று அந்த அக்காவுக்கு விளக்கினார். அந்த ஆவி போய் டர்பைன் என்கிற சக்கரத்தைச் சுழற்றும். டர்பைன் பேய் வேகத்தில் சுற்றும். கப்பல் விசிறியை அவ்வளவு வேகத்தில் சுழற்றினால் கடல் தண்ணீர் நுரைத்துப் போகுமே தவிரக் கப்பல் நகராது. அதனால் நடுவில் பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைப்பார்கள். வேலை முடிந்த ஆவியைக் கடல் தண்ணீர்க் குழாயில் குளிரவைத்துத் தண்ணீராக்கி, மறுபடியும் அதே தொட்டிக்கு அனுப்புவார்கள்.

"அணைக்கணும்னா?"

"அணு ஒடையறதைத் தடுக்கற குச்சி தனியா இருக்குதுங்க. அதை எறக்கினா அடங்கிரும். ஆனா அடங்கின பொறகும் சூடு இருந்துக்கிட்டே இருக்குங்க. தண்ணி நிக்காம ஓடிக்கிட்டே இருக்கணும். தண்ணி நின்னுச்சுன்னா எல்லாம் உருகிப் போயிரும்."

பிறகு நோட்டைத் தட்டிக் காட்டினார். "நீங்க கதவைத் தொறந்து தீயைப் பார்க்கறீங்க. செவப்பா இருக்குது, மஞ்சளா இருக்குதுன்னு தெரிஞ்சுக்கறீங்க. அங்க கதவே கெடையாதுங்க அண்ணா. முள்ளு என்னா காட்டுதோ அதைப் பார்த்து எழுதறான். அடுத்து வர்றவன் அதைப் படிச்சுட்டுத்தான் உள்ள தீ எப்பிடி இருக்குதுன்னு தெரிஞ்சுக்கறான். எழுதினதுதாங்க அங்க தீயி."

எனக்கு அது பிடித்துப் போயிற்று. வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னேன்.

ஆனால் இந்தப் பழக்கத்தில் ஒரு கிறுக்குத்தனமும் இருந்தது. முதல் வருடம் முதல் லோடு வந்த அன்றைக்கு மழை பெய்ததா இல்லையா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. நான் நனைந்து நடுங்கிக்கொண்டு ஆலைக்கு வந்தவன். நனைந்த விறகோடு நாங்கள் இருவரும் பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் நோட்டை எடுத்துப் பார்த்தார். மழை என்று இல்லை.

"பெய்யலீங்க அண்ணா."

"சார், நான் நனைஞ்சேங்க. நீங்களே துண்டு குடுத்தீங்க."

"பெஞ்சிருந்தா எழுதியிருப்பேனே."

அவ்வளவுதான். ஒரு முறை மொரப்பூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். "வூட்லயும் அப்பிடித்தாங்க," என்றார் அந்த அம்மா. "நான் ஒண்ணு சொன்னேன்னு இவரு சொல்லுவாரு, சொல்லலைன்னு நான் சொல்லுவேன். போயி டைரியைத் தூக்கிட்டு வருவாரு. நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லீங்க." அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் சீசன் ஆள். மாங்காய் இருக்கிற நான்கு மாதம் வேலை, மீதி எட்டு மாதம் கிடைத்த வேலை. இரண்டாம் வகுப்பு பாய்லர் சர்டிபிகேட் எடுத்துவிட்டால் வருடம் முழுக்க வேலை, அதுவும் எந்த ஊர் ஆலையிலும். அதற்குத் தேர்வு எழுத வேண்டும். இத்தனை வருடம் பாய்லரில் வேலை செய்தான், பொறுப்பானவன் என்று ஆலையிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு இதெல்லாம் எதற்கு என்றுதான் இருந்தேன். நேவிக்காரர்தான் விடவில்லை. "நானே எழுதித் தர்றேங்க, படிங்க," என்றார்.

அதனால் என் ஷிப்ட் இரண்டு மணிக்கு என்றால் நான் ஒரு மணிக்கே போய்விடுவேன். அவர் பாய்லரை என்னிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார், வந்ததும் பாடம் சொல்வார். சர்டிபிகேட் உள்ளவர் ஆலை வளாகத்துக்குள் இருந்தால் போதும் என்பது அங்கே வழக்கம். போகும்போது 'மணி 1.00, ஒப்படைத்தேன்' என்று எழுதி என் பெயரையும் போடுவார். ஆரம்பத்தில் பக்கத்தில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். நீங்கள் எழுதின பிறகு என் கையெழுத்து எதற்கு சார் என்று நான்தான் மறுத்துவிட்டேன். மரியாதை என்று நினைத்துச் செய்தேன். மடத்தனம்.

எண்பத்தெட்டாம் வருடம் ரஷ்யாவிலிருந்து அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று நம் கடற்படைக்குக் குத்தகைக்கு வந்தது. தினசரியில் வந்த படத்தை வெட்டி பாய்லர் அறைச் சுவரில் ஒட்டினார். அந்த சீசன் முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. யார் வந்தாலும் கப்பல்தான். ஜூலை மாதம் ஒரு நாள் முதலாளியின் மருமகன், எஞ்சினீயர், பெங்களூரிலிருந்து வந்திருந்தார். அணுக்கப்பல் பற்றி உங்கள் ஆள் ஒருவர் நன்றாகச் சொல்வாராமே என்று அவர் கேட்க, ஆபீசிலிருந்து ஆள் அனுப்பி நேவிக்காரரை ஒரு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு மட்டும் நான் ஒரு மணிக்குப் போகவில்லை. தேர்வு விண்ணப்பத்துக்கு போட்டோ எடுக்க தருமபுரியில் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணிக்குக் கால்மணி இருக்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கினேன். ரோட்டிலேயே சத்தம் கேட்டது. பாய்லர் அடுப்பின் மேல்தளத்தில் ஈயம் அடைத்த ஒரு திருகாணி இருக்கும். தண்ணீர் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேலேயே பாய்ந்து அணைத்துவிடும். பாய்லர் வெடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அது உருகிவிட்டது. கரண்ட் போய், தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றிருக்கிறது. கைப்பம்பை அடிக்க அங்கே ஒருவரும் இல்லை. நான் உள்ளே ஓடினேன். ஆபீஸ் பக்கத்திலிருந்து நேவிக்காரர் ஓடிவந்தார். அவர் விரலெல்லாம் சாக்பீஸ் வெள்ளை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நோட்டைத் திறந்து பார்த்தேன். 'மணி 1.00, ஒப்படைத்தேன்.' பக்கத்தில் என் பெயர்.

"சார், நான் வரலீங்களே."

அவர் நோட்டை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். "வந்துருவீங்கன்னுதாங்க எழுதிட்டுப் போனேன்," என்றார். "தெனமும் வர்றவருதானே. ஆபீசுல கூப்ட்டாங்க... அவசரம்."

பார்க்காத ஒன்றை அவர் வாழ்க்கையில் எழுதியது அந்த ஒரு வரிதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. பாவமாக இருந்தது.

"நாளைக்கு இன்ஸ்பெக்டரு வருவாருங்க. இதே மாதிரி சொல்லிருங்க சார். எனக்கு சர்டிபிகேட் போயிரும்."

"சொல்லிர்றேங்க அண்ணா," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் மேனேஜர் அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். நோட்டு மேஜை மேல். முதலில் நேவிக்காரரைத்தான் கேட்டார், ஒரு மணிக்கு ஒப்படைத்தீர்களா என்று. அவர் என் பக்கம் திரும்பவில்லை. நோட்டையே பார்த்தார்.

"எழுதியிருக்குதுங்க சார்."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மணியிலிருந்து அவர் எங்களோடுதான் இருந்தார் என்று மருமகன் சொன்னார், அது உண்மைதான். நான் தினமும் ஒரு மணிக்கே வந்துவிடுகிறவன் என்று வாட்ச்மேன் சொன்னார், அதுவும் உண்மைதான். சீசன் ஆட்களுக்கு வாசலில் கையெழுத்து கிடையாது. ஸ்டூடியோ ரசீதில் தேதி இருந்தது, மணி இல்லை. நான் வரவேயில்லை, நேற்று சாயங்காலம் இவரே என்னிடம் ஒப்புக்கொண்டார் என்று கத்தினேன். நேவிக்காரர் தலையைத் தூக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார்: "இவரு தப்பா எழுதி இதுக்கு முன்னாடி நீ பார்த்திருக்கியா?"

மூன்று வருடமாக ஊரெல்லாம் அவரைப் பற்றிப் பெருமை பேசியவன் நான்.

"இல்லீங்க சார்."

இன்ஸ்பெக்டர் பழைய லாக் நோட்டைக் கேட்டு வாங்கினார். ஒரே பேனா, நூறு பவுண்டு, அரைக் கண்ணாடி. "இது யாரு எழுதினது?"

"நான்தாங்க," என்றேன். மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பாய்லரைச் சரிபார்த்து அனுமதி வாங்கப் பத்து நாள் ஆயிற்று. முற்றத்தில் மாங்காய் அழுகி ஓடியது. வெட்டும் பெண்களுக்குப் பத்து நாள் கூலி இல்லை. எங்கள் பஸ்ஸில் வருகிறவர்கள் என் பக்கத்து சீட்டு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டு போனார்கள். எனக்கு எழுதிக் கொடுக்க ஆலையில் இனி யாரும் கிடையாது. பென்னாகரம் ரோட்டில் ஒரு செங்கல் சூளைக்கு நெருப்புப் போடப் போனேன்.

நேவிக்காரர் கிறிஸ்தவர். அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேவிக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ரஸ்க் பொட்டலம். என் மனைவி அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"எங்க சர்ச்சு சாமியாரு சொன்னாருங்க அண்ணா," என்று ஆரம்பித்தார். "ஈஸ்டருக்கு முன்னாடி, யாரோட மனத்தாங்கல் இருக்குதோ அவங்க வூட்டுக்கே போயிப் பேசிட்டு வரணும்னு."

என் மனம் அந்த நொடியே இளகிவிட்டது. எட்டு மாதமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை வாசல் தேடி வந்துவிட்டது. விடுங்க சார், நடந்தது நடந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எட்டு மாசமா உங்க மேல எனக்குக் கோவங்க," என்றார். "என் கையில பாய்லரு ஒண்ணு கெட்டதில்லை. நம்பித்தானே ஒப்படைச்சிட்டுப் போனேன், தண்ணியைப் பார்க்காம வுட்டுட்டாரேன்னு. அப்பறம் யோசிச்சேங்க. மனுசன்தானே, ஒரு நிமிசம் கண்ணு அசந்திருக்கும். நான் உங்களை மன்னிச்சுட்டேங்க அண்ணா. நீங்களும் மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

நான் அவர் கண்ணையே பார்த்தேன். அதில் கள்ளத்தைத் தேடினேன். இருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். இல்லை. நோட்டில் இருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அவருக்குள் எங்கேயும் இல்லை.

"அன்னிக்கி நான் வரலீங்க சார்," என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். பிடிவாதம் பிடிக்கும் குழந்தையைத் தட்டுவது போல. "சரிங்க, விடுங்க," என்று எழுந்து போய்விட்டார். தெருக்கோடியில் திரும்பிப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்.

நான் உள்ளே போனேன். மனைவி அடுப்பைப் பார்த்தபடி, "என்னாவாம்?" என்றாள்.

"ஒண்ணுமில்லை," என்றேன். பிறகு கேட்டேன்: "அன்னிக்கி நான் எத்தனை மணிக்கி வூட்டை வுட்டுக் கெளம்பினேன்? நேரா ஆலைக்கா போனேன்?"

அவள் திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னாங்க கேக்கறீங்க? போட்டோ புடிக்கன்னு சலவைச் சட்டை போட்டுக்கிட்டு டவுனுக்குத்தானே போனீங்க."

எனக்குத் தெரிந்ததுதான். அதை அவள் வாயால் கேட்டுத்தான் நம்ப முடியும் என்கிற இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார் அவர். வேலை போனபோது நான் அழவில்லை. அன்றைக்கு அழுதேன்.